காவலில்லா வாயில்



ஆத்தங்குடியில் ஒரு புதுமனை மந்திரிப்பு. வீட்டுக்காரர் பூங்கல் பட்டறையில் பல ஆண்டுகள் கைவேலை செய்தவர். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதனுள் வண்ணச் சாந்தை ஊற்றிப் பூவும் கொடியும் எழுப்பி, மணலும் சிமெண்டும் இட்டு நிரப்பி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, பளபளக்கும் தளக்கற்களாக எடுப்பது அவ்வூர்த் தொழில். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் மாளிகைகளுக்குப் பதித்த அதே கற்களை, தம் சிறு வீட்டின் இரண்டு அறைகளுக்கும் அவர் தம் கையாலேயே பதித்திருந்தார்.

அருட்தந்தை தீர்த்தம் தெளித்து முடித்தார். பந்தி விரிக்கும் நேரம் வந்தது. அப்போது பட்டறையில் உடன் வேலை செய்வோர் நான்கு குடும்பத்தார் வாயிலருகே வந்து நின்றனர். அவர்களும் அதே பங்கைச் சேர்ந்தவர்களே. ஆயினும் வேறு தெருவினர். உள்ளே வரத் தயங்கி நின்றனர். உறவினருள் பெரியவர் ஒருவர் வீட்டுக்காரரை அழைத்து, "தம்பி, அவர்களுக்கு வெளிப் பந்தலில் இலை போட்டுவிடச் சொல். நம் ஆட்கள் முதலில் உட்காரட்டும்" என்று தணிந்த குரலில் கூறினார். வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் நின்றார். அவருடைய மனைவி கையில் பரிமாறும் பாத்திரத்துடன் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னர் நிகழ்ந்ததை இக்கட்டுரையின் இறுதியில் கூறுவோம். அவ்வாயிலைப் பார்த்து நின்ற அந்தச் சில வினாடிகளில் நம் உள்ளம் மற்றொரு வாயிலுக்குச் சென்றது. ஆத்தங்குடியிலிருந்து தெற்கே குன்றக்குடி வழியாகக் கல்லலுக்குச் சென்றால், அதனருகே அரண்மனை சிறுவயல் என்றோர் ஊர் உண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு முன் சிவகங்கைச் சீமையை ஆண்ட சின்ன மருது அங்கேதான் வாழ்ந்தார். அவருடைய அரண்மனை வாயிலில் காவலர் இருந்ததில்லை. இத்திங்கள் அவ்வாயிலைப் பற்றியும், அதற்குரியவரைப் பற்றியும் சிந்திப்போம்.

புரட்சிகளின் காலம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முப்பது ஆண்டுகள் உலகெங்கும் ஆட்சிபீடங்கள் அதிர்ந்த காலம். 1776-இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கில முடியாட்சியை உதறின. 1777-இல் நியூயார்க் மாநிலத்தின் முதல் ஆளுநராக ஜார்ஜ் கிளிண்டன் பதவியேற்றார். 1780-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஜான் ஹான்காக்கைத் தன் முதல் ஆளுநராகத் தேர்ந்தது. 1789-இல் பிரெஞ்சு நாட்டில் புரட்சி மூண்டது. இவையெல்லாம் நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் செய்திகள். ஹான்காக் பதவியேற்ற அதே 1780-ஆம் ஆண்டில், நமது மண்ணிலும் ஓர் ஆட்சி அயலார் பிடியினின்று மீட்கப்பட்டது என்பதையும், மீட்டவர்கள் அரச குலத்தில் பிறவாத இரு சகோதரர்கள் என்பதையும் நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

நரிக்குடிக்கு அருகிலுள்ள முக்குளத்தில் பெரிய மருது 1748-இலும் சின்ன மருது 1753-இலும் பிறந்தனர் என்பர். சிவகங்கை மன்னர் முத்து வடுகநாதத் தேவரிடம் பணியாளராகச் சேர்ந்தனர். ஒருவர் மன்னரின் வேட்டை நாய்களைப் பேணினார், மற்றவர் வெற்றிலைப் பெட்டி ஏந்தி நின்றார் என்று ஆங்கிலேயர் எழுதிவைத்தனர். இழிவு கருதி எழுதிய குறிப்பு அது. ஆனால், தாவீது ஆட்டுக்கிடையிலிருந்து அழைக்கப்பட்டவர் என்பதை அறிந்த நமக்கு அதில் இழிவொன்றும் தோன்றவில்லை.

1772 ஜூன் 25-ஆம் நாள் ஆர்க்காட்டு நவாபின் படையும் ஆங்கிலக் கும்பினிப் படையும் காளையார்கோயிலைத் தாக்கின. முத்து வடுகநாதர் போரில் மாண்டார். சீமை நவாபின் கைக்குச் சென்றது. அரசி வேலு நாச்சியார் தம் மகள் வெள்ளச்சியுடன் திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள விருப்பாட்சிக்குச் சென்று, மைசூர் ஐதர் அலியின் ஆதரவில் தங்கினார். முதிய அமைச்சர் தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரரும் உடன் சென்றனர். தாண்டவராய பிள்ளை விரைவிலேயே காலமானார். எட்டு ஆண்டுகள் நாடின்றிக் கிடந்த அந்தச் சிறு கூட்டத்திற்கு மருதிருவரே தோளாயினர். 1780-இல் ஐதர் அலியின் படைத்துணையுடன் அவர்கள் சிவகங்கையை மீட்டு அரசியாரை அரியணையில் அமர்த்தினர். ஆட்சிப் பொறுப்பு பிரதானி என்ற முறையில் சின்ன மருதுவிடமும், படைப் பொறுப்பு தளவாய் என்ற முறையில் பெரிய மருதுவிடமும் வந்தது. ஏறத்தாழ இருபத்தோராண்டு அவர்கள் அச்சீமையை ஆண்டனர்.

பகைவன் எழுதிய நற்சான்று

ஒருவனைப் பற்றி அவனுடைய நண்பர்கள் புகழ்ந்து கூறுவது பெரிதன்று. அவனைத் துரத்திப் பிடித்த படையின் அதிகாரி கூறுவதே பெரிது. அத்தகைய நற்சான்று சின்ன மருதுவுக்கு உண்டு.

கும்பினிப் படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி, பிற்காலத்தில் தம் படை நினைவுகளை இரண்டு தொகுதிகளாக எழுதி 1830-இல் இலண்டனில் வெளியிட்டார். இளம் அதிகாரியாக 1795-இல் சின்ன மருதுவைக் கண்டு பழகியதை அதில் விரிவாகக் குறித்துள்ளார். கரிய மேனியும் கம்பீரத் தோற்றமும் இனிய பேச்சும் உடையவர்; தலையசைப்பே சட்டமாகும் அளவுக்கு அதிகாரம் படைத்தவர்; ஆயினும் சிறுவயலில் திறந்த மாளிகையில் ஒரு காவலாளியும் இன்றி வாழ்ந்தார்; விரும்பியவர் எவரும் உள்ளே வரலாம், போகலாம்; வருவோர் போவோர் எல்லாம் அவரைக் குடிகளின் தந்தை என வாழ்த்தினர். வெல்ஷ் தரும் சித்திரம் இது. மதுரையில் தாம் தங்கியிருந்தபோது உயர்ந்த அரிசியும், தடித்த தோலுடைய இனிய ஆரஞ்சுப் பழங்களும் அவர் அனுப்பி வைத்ததையும், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் அவரே என்பதையும் அந்த ஆங்கிலேயர் மறவாமல் எழுதியிருக்கிறார்.

அண்ணனோ ஆட்சிக் கவலைகளைத் தம்பியிடம் விட்டுவிட்டு, காட்டையும் வேட்டையையும் விரும்பியவர். ஆர்க்காட்டு வெள்ளி ரூபாயை விரல்களாலேயே வளைக்கும் வலிமை அவருக்கு உண்டாம். வேட்டைக்கு வந்த விருந்தினரைப் பின்னே நிறுத்தி, புலி புறப்பட்டால் தாமே முன்சென்று எதிர்ப்பாராம். இருவரில் எவர் மூத்தவர், எவர் பெரியவர் என்ற பூசல் அவர்களிடையே எழுந்ததாக வெல்ஷ் எங்கும் எழுதவில்லை. சொத்துக்காக உடன்பிறந்தோர் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கும் நம் நாளில் இதுவும் நினைக்கத் தக்கதே.

காளையார்கோயிலின் ஓங்கிய கோபுரத்தையும், குன்றக்குடியில் செய்த திருப்பணிகளையும், நரிக்குடியில் வைத்த அன்னச் சத்திரத்தையும் மக்கள் இன்றும் அவர்கள் பெயராலேயே குறிப்பிடுகின்றனர். காளையார்கோயில் கோபுரத்திற்குரிய செங்கற்கள் மானாமதுரையிலிருந்து வரிசையாக நின்ற மக்களின் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தன என்பது மக்களிடையே வழங்கும் செய்தி. நம்மவர் சிறப்பாக நினைவுகூர வேண்டியது ஒன்றுண்டு. நமது சருகணி ஆலயத்திற்கும் மருது சகோதரர் கொடை அளித்தனர். 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டபின் மறவ நாட்டு மறைப்பணி மேய்ப்பரின்றி வாடிய காலம் அது. 1693-இல் ஓரியூரில் புனித அருளானந்தர் இரத்தம் சிந்திய அதே மறவர் மண்ணில், ஒரு நூறாண்டுக்குள் அரசாங்கமே நம் ஆலயத்தை ஆதரித்தது. இறை ஊழியர் லெவே அடிகளாரின் கல்லறையைக் காணச் சருகணிக்குச் செல்லும் குடும்பங்கள் இதையும் தம் பிள்ளைகளுக்குக் கூறுவார்களாக.

குறையும் உண்டு

நாம் புகழ்மாலை தொடுக்க அமர்ந்தோமில்லை. மெய் கூறுதல் நம் கடமை. ஊழியனாக வந்தவர் கையில் முழு அதிகாரமும் சேரும்போது, அது எவர்க்குரியது என்ற கேள்வி எழாமல் போகாது. 1789-ஐ ஒட்டி அரசி வேலு நாச்சியாருக்கும் பிரதானிகளுக்கும் இடையே பிணக்கு முற்றியது. அரசியாருக்குத் துணையென்று நவாபும் கும்பினியும் படையெடுத்தனர். மருதிருவர் பின்வாங்கிப் பின்னர் மீண்டனர். முடிவில் வெள்ளச்சியின் கணவர் வேங்கண் பெரிய உடையாத் தேவர் மன்னராக ஏற்கப்பட்டார். ஆட்சியோ மருதிருவரிடமே நின்றது. வேலு நாச்சியார் 1796-இல் மறைந்தார். எட்டாண்டு வனவாசத்தில் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர்களிடையே இப்பிணக்கு நேர்ந்ததை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. அதிகாரம் நல்லோர் கையிலும் சுடும் நெருப்பு என்பதை இங்கே காண்கிறோம்.

இதற்குள் நாட்டின் நிலையும் மாறியது. அமெரிக்காவில் 1781-இல் யார்க்டவுனில் சரணடைந்த கார்ன்வாலிஸ் பிரபு, 1786-இல் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்து சேர்ந்தார். அங்கே இழந்ததை இங்கே ஈட்டும் காலம் தொடங்கியது. 1792-இல் நவாபுடன் செய்த உடன்படிக்கையால் பாளையக்காரர்களிடம் கப்பம் தண்டும் உரிமை கும்பினிக்குச் சென்றது. கடன்பட்ட நவாபு தன் நாட்டைச் சிறிது சிறிதாகக் கையளித்தார். 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்.

அடைக்கலம்

1801 பெப்ருவரி 2-ஆம் நாள் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாள்களிலேயே மக்கள் மீண்டும் எழுப்பினர். மே 24-ஆம் நாள் அக்கோட்டை வீழ்ந்தது. காயமுற்ற ஊமைத்துரை தம் எஞ்சிய வீரர்களுடன் சிவகங்கைச் சீமைக்கு வந்து, சின்ன மருதுவிடம் அடைக்கலம் கேட்டார்.

வாசகர்களே, இங்கே சற்று நின்று எண்ணுங்கள். சின்ன மருதுவுக்கு வயது அப்போது நாற்பத்தெட்டு. நாடு இருந்தது, செல்வம் இருந்தது, பிள்ளைகள் இருந்தனர். கும்பினி அதிகாரிகளுடன் பழக்கமும் இருந்தது. வந்தவரோ தோற்றவர், நாடற்றவர், வேறு குலத்தவர், வேறு மொழி பேசும் மரபினர். அவரைக் கும்பினியிடம் ஒப்படைத்திருந்தால் சீமை தப்பியிருக்கலாம். கதவைச் சாத்தியிருந்தாலும் உலகம் குறை கூறியிராது. ஆனால், இருபது ஆண்டு திறந்தே கிடந்த வாயிலை அன்றொரு நாள் மட்டும் அடைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஊமைத்துரையை உள்ளே ஏற்றார். ஒப்படைக்கும்படி கும்பினி கேட்டபோது மறுத்தார்.

தாமும் முன்பொரு நாள் நாடிழந்து விருப்பாட்சியில் அடைக்கலம் கேட்டு நின்றதை அவர் மறந்திருக்கமாட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. எகிப்தில் அந்நியராய் இருந்ததை நினைத்து அந்நியரை அன்பு செய்யும்படி இறைவன் இஸ்ராயேலருக்குக் கட்டளையிட்டதும் இந்த நினைவைப் பற்றியதன்றோ?

1801 ஜூன் 16-ஆம் நாளிட்ட ஓர் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டைச் சுவரிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. சம்புத் தீவத்தார் அனைவருக்கும் என்று எழுதப்பட்டதால் சம்புத்தீவப் பிரகடனம் என்று அதனை வழங்குவர். அந்தணர் முதல் நான்கு வருணத்தாரையும் இசுலாமியரையும் அது ஒருசேர விளித்தது. நவாபு மதியின்றி ஐரோப்பியருக்கு இடங்கொடுத்ததையும், சோறின்றி மக்கள் நொந்ததையும் கூறி, இவ்வளவுக்கும் காரணம் உங்களுக்குள் ஒற்றுமையின்மையே என்று இடித்துரைத்தது. கும்பினியில் பணிபுரியும் சுபேதார், அவில்தார், சிப்பாய் முதலியோரையும் படையை விட்டு வரும்படி அழைத்தது. அவ்வறிக்கையில் நாம் இங்கே எடுத்தெழுத இயலாத வசைகளும் சாபங்களும் உண்டு; பகைவரைக் கண்ட இடத்தில் அழிக்கச் சொல்லும் கொடுமையும் உண்டு. அவற்றை நம் மறை ஏற்காது. ஆயினும், தனித்தனிப் பாளையமாகவும் தனித்தனிச் சாதியாகவும் கிடந்த மக்களை ஒரே மூச்சில் ஒரு மக்களாக அழைத்த குரல் என்ற வகையில் அது நம் வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. அவ்வறிக்கையிலும் சின்ன மருது தம்மை மன்னர் என்று குறித்துக்கொள்ளவில்லை. மன்னர்களின் ஊழியன் என்றே கையொப்பமிட்டார்.

கும்பினியின் தளபதி அக்னியூ, அந்தச் சொல்லையே படைக்கலமாக்கினார். மருதுகள் அரச குலத்தாரல்லர், எசமானர் நாட்டைப் பறித்துக்கொண்ட வேலைக்காரர்கள் என்று பறைசாற்றினார். படைமாத்தூரிலிருந்து அரச குடும்பத்தைச் சேர்ந்த கௌரி வல்லபரை வருவித்து, 1801 செப்டம்பரில் சோழபுரத்தில் அவரைச் சீமையின் தலைவராக அறிவித்தார். பிறப்பைக் காட்டி மக்களைப் பிரிக்கும் தந்திரம் பீரங்கியைவிட வலியது என்பதை அந்நியர் நன்றாகவே அறிந்திருந்தனர். மக்களும் அதற்கு இடங்கொடுத்தனர்.

வாயில் எரிந்தது

ஜூலை இறுதியில் கும்பினிப் படை சிறுவயலை அடைந்தபோது ஊர் எரிந்துகொண்டிருந்தது. பகைவனுக்குப் பயன்படலாகாது என்று சின்ன மருதுவே தீயிட்டுவிட்டார். எல்லோர்க்கும் திறந்திருந்த அந்த மாளிகை அவ்வாறு முடிந்தது. இன்று அதன் நினைவை ஊர்ப்பெயரே பெரிதும் சுமந்து நிற்கிறது.

சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டி வழிசெய்யக் கும்பினியார் ஒரு மாதத்திற்கு மேல் முயன்று தோற்றனர். பின்னர் மூன்று பக்கமாகச் சூழ்ந்து அக்டோபர் முதல் நாள் காளையார்கோயிலைக் கைப்பற்றினர். மருதிருவர் காட்டில் மறைந்தனர். தாங்கள் எழுப்பிய கோபுரத்தைத் தகர்த்துவிடுவதாகக் கும்பினியார் அச்சுறுத்தவே, அதைக் காக்கும் பொருட்டு வெளிப்பட்டனர் என்று மக்கள் கூறுவர். துப்பாக்கிக் குண்டால் தொடையெலும்பு முறிந்த நிலையில் சின்ன மருது பிடிபட்டார்.

1801 அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூர்க் கோட்டையில் சகோதரர் இருவரும், அவர்தம் மைந்தரும், உடன் நின்றோரும் தூக்கிலிடப்பட்டனர். மாண்டோர் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர் என்பர். நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையும் தூக்கிலேற்றப்பட்டார். வளரி வீசக் கற்றுத்தந்த கையைப் பற்றிக் குலுக்கிய வெல்ஷ், அம்மனிதரை விலங்கைப் போல் வேட்டையாடும் படையில் தாமும் ஒருவரானதையும், தூக்குமரத்தில் கண்டதையும் பெருந்துயரத்தோடு எழுதியிருக்கிறார்.

மற்றொரு காட்சி அதனினும் கொடிது. சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயது. தூக்கினின்று விலக்கப்பட்ட அச்சிறுவனை, எழுபதுக்கும் மேற்பட்டோருடன் 1802 பெப்ருவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினர். 1818-இல் வெல்ஷ் அத்தீவுக்குச் சென்றபோது தளர்ந்து முதிர்ந்த ஒருவர் அவர்முன் வந்து நின்றார். யார் என்று தெரியாமல் விழித்தவரிடம் அவர் தம் பெயரைக் கூறினார்: துரைசாமி. கணக்கிட்டால் அவருக்கு முப்பத்திரண்டு வயதுதான். தாயகத்தில் எஞ்சியிருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டுசேர்க்கும்படி அவர் வேண்டினார். கைதிகளிடம் கடிதம் பெறுதல் விதிக்கு முரண் ஆகையால் அதனையும் தம்மால் செய்ய இயலவில்லை என்று வெல்ஷ் வருந்துகிறார். தந்தையின் வாயில் எவரையும் தடுக்கவில்லை. மகனின் ஒரு கடிதத்துக்குக்கூட உலகில் வாயில் திறக்கவில்லை.

எது வென்றது?

சென்னைக் கோட்டையில் அப்போது ஆளுநராக இருந்தவர் எட்வர்டு கிளைவ். பிளாசிப் போரில் வென்ற இராபர்ட் கிளைவின் மைந்தர். 1801 ஜூலை 31-இல் கருநாடக நவாபின் ஆட்சி முழுதும் அவர் காலத்தில்தான் கும்பினியின் கைக்கு வந்தது. 1803-இல் சிவகங்கை, கும்பினிக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தும் சமீன்தாரியாயிற்று. உலகக் கணக்கின்படி வென்றவர் காவல் சூழ்ந்த கோட்டைக்குள் இருந்த ஆளுநரே. ஆயினும், எட்வர்டு கிளைவின் பெயரைத் தம் பிள்ளைக்கு இட்ட தாய் இம்மண்ணில் உண்டோ? மருது என்ற பெயரோ ஊர்தோறும் ஒலிக்கிறது. 2004 அக்டோபர் 24-இல் இந்திய அஞ்சல் துறை அவர்களுக்கு அஞ்சல்தலையும் வெளியிட்டது.

அடைக்கலம் கொடுத்தது சரிதானா, ஒருவரைக் காக்க ஐந்நூறு பேர் மாளலாமா என்று கேட்போர் உண்டு. எளிதில் விடை கூறத்தக்க கேள்வியன்று அது. மக்களுக்காக ஒருவன் சாவது நலம் என்று கணக்குப் பார்த்தவன் கைப்பா என்பதை மட்டும் நாம் நினைவில் கொள்வோம். அந்தக் கணக்கில் அன்று சிலுவையில் அறையப்பட்டவர் யாரென்று நமக்குத் தெரியும். ஒருவனை ஒப்படைத்துவிட்டுப் பெறும் அமைதி எத்தன்மையது என்பதை யோசிக்கவேண்டியவர்கள், சிலுவையை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் நாமே.

வருந்தத்தக்கது ஒன்று உண்டு. எல்லோர்க்கும் வாயிலைத் திறந்துவைத்த அம்மனிதரை, அவர் எங்களவர், உங்களவரல்லர் என்று சுவரெழுப்பிப் பிரிக்கும் பேச்சு இன்று நம்மிடையே கேட்கிறது. வேறு குலத்தாருக்கு அடைக்கலம் கொடுத்ததற்காக உயிர்விட்டவரைக் குலத்தின் கொடியாக்குதல் அவருக்குச் செய்யும் பெருமையாகாது. பிறரைப் பழிப்பதில் நமக்கு உரிமையும் இல்லை. ஒரே நற்கருணைப் பந்தியில் அமர்ந்து எழுந்தபின், தெருவுக்கொரு பந்தியும் கல்லறைக்கொரு பக்கமும் தேடுவோர் நம் பங்குகளில் அறவே இல்லையென்று எவரேனும் நெஞ்சில் கைவைத்துக் கூறமுடியுமா? உங்களுள் முதன்மையாய் இருக்க விரும்புகிறவன் எல்லோர்க்கும் ஊழியனாய் இருக்கட்டும் என்று நம் ஆண்டவர் மொழிந்தது ஆளுநர்களுக்கு மட்டுமன்று. பங்குப் பேரவை உறுப்பினர்க்கும், ஒவ்வொரு வீட்டுத் தலைவனுக்கும் அது பொருந்தும். நமக்குக் கிடைத்த வீடும் பதவியும் பெயரும் கண்காணிக்கக் கொடுத்தவையே. தலைவர் திரும்பி வரும்போது, கதவை எத்தனை பேருக்குத் திறந்தாய் என்றுதான் கேட்பார்.

இனி ஆத்தங்குடி வீட்டுக்கு வருவோம். கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மையார் சற்றுப் பொறுத்தார். பிறகு பெரியவரிடம், "மாமா, இந்தத் தரைக்குக் கல் ஊற்றும்போது இவர்கள் நான்கு பேரும் இவரோடு இராத்திரியெல்லாம் உட்கார்ந்து வேலை செய்தார்கள். கூலி வாங்கவில்லை. அவர்கள் உட்காராத தரையில் நான் முதல் இலையை எப்படிப் போடுவேன்?" என்று கேட்டார். குரல் உயரவில்லை, கண் மட்டும் கலங்கியிருந்தது. அதுவரை வாய் திறவாத வீட்டுக்காரர் வாயிலுக்குச் சென்று, "அண்ணே, உள்ளே வாருங்கள். அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

உறவினருள் இருவர் எழுந்து வெளியே சென்றனர். உண்ணாமலே ஊர் திரும்பினர். அவர்கள் வருத்தம் இன்னும் தீரவில்லை என்று கேள்விப்படுகிறோம். கதவைத் திறப்பவர் இழக்கவும் நேரிடும்; சிறுவயல் நமக்குக் காட்டுவதும் அதுவே. முதலில் பேசிய பெரியவர் மட்டும் தலையைக் குனிந்தவாறு சற்று நேரம் இருந்தார். பின்னர் நகர்ந்து, தம் பக்கத்தில் ஓர் இலைக்கு இடம் விட்டார்.